மாமாவின் அண்டாவும் என் சிவப்பு அட்டையும்

வீட்டை ஒழுங்குபடுத்தக் கிளம்புகிறவன் முதலில் வெளியேற்றுவது தன் சொந்த மரியாதையைத்தான். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கு ஒரு பதவி இருந்தது, கழுத்தில் ஒரு பச்சை நாடா தொங்கியது, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கட்டு சிவப்பு அட்டை இருந்தது.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். அலுவலக நாற்காலிகளுக்குச் சக்கரம் செய்கிற இடம். ஒரு நாள் அங்கே ‘ஐந்து எஸ்’ என்றொரு ஜப்பானிய முறையைக் கொண்டுவந்தார்கள். வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, துடை, அதையே பழக்கமாக்கு, பழக்கத்தை விடாதே. அவ்வளவுதான் விஷயம். (எங்கள் அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் சொன்னதுதான். ஜப்பான்காரர் சொன்னால் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.) அதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும், தலைவராக யார் வருகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் ஏதோ நினைவில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். தலைவரானேன்.

அந்த முறையின் உயிர் சிவப்பு அட்டையில் இருந்தது. ஓராண்டாக யாரும் தொடாத பொருளில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். கட்டியதைச் சிவப்பு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மாதத்துக்குள் ‘இது எனக்கு வேண்டும்’ என்று யாரும் வராவிட்டால் வெளியேற்றிவிடலாம். நான் கட்டினேன் பாருங்கள், அப்படிக் கட்டினேன். ஓடாத மின்விசிறி, மூடாத அலமாரி, பூட்டு இல்லாத சாவி, மேனேஜர் அறையின் செயற்கைப் பூச்செடி, எதையும் விடவில்லை. அலுவலகத்தில் ஓர் அக்கா பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது அவருடைய நாற்காலி சிவப்பு மூலையில் அட்டையோடு காத்திருந்தது. அந்த அக்கா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

ஆனால் பரிசு கிடைத்தது. எங்கள் கம்பெனியின் கிளைகளுக்குள் நடந்த போட்டியில் எங்கள் கிளைக்கு முதலிடம். குழுத் தலைவர் என்பதால் வெற்றிக் கிண்ணத்தை என் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். (அலுவலகத்தில் அதை வைக்க இடமில்லை. ஐந்து எஸ் அப்படி.) இடுப்பு உயரம். உச்சியில் ஒரு பொன்னிறப் பிளாஸ்டிக் மனிதன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பான். அடியில் என் பெயர். அந்தக் கிண்ணத்துக்காகவே ஒரு கண்ணாடி அலமாரி வாங்கி ஹாலில் வைத்தேன். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுல என்னடா ஊத்திக் குடிக்கிறது?”

“இது குடிக்கிறதுக்கு இல்லம்மா. கௌரவம்.”

“அப்ப சரி. தூசி நீயே துடைச்சுக்க,” என்றார்.

இந்த நிலைமையில்தான் என் தங்கை கவிதாவுக்குப் பரிசம் என்று முடிவானது. கவிதா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளையும் அதே அலுவலகம். தினமும் ஒரே பஸ்ஸில் இரண்டாவது பாலத்தைக் கடந்து போனதில் விஷயம் முற்றி, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பண்டார் தெங்காரா ஊர்க்காரர்கள். நல்ல மாதிரி. எங்களுக்கு அப்பா இல்லை. அதனால் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியவர் தாய்மாமன். ரெங்கம் ஊரில் இருக்கிற எங்கள் ரெங்கத்து மாமா. அவர் இல்லாமல் அந்தத் தட்டு ஓர் அங்குலம் நகராது என்று அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். மாமா முகம் கோணாமல் வந்து உட்கார்ந்து எழுந்தால் போதும், கவிதாவின் காரியம் முடிந்தது. எங்கள் எல்லாருக்கும் அந்த ஒரு கவலைதான்.

எனக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு கவலை இருந்தது. வீடு.

எங்களுடையது வரிசை வீடு. அடுப்படிக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம். அதன் கதவு பாதிதான் திறக்கும், மீதிக் கதவை உள்ளே இருக்கிற சாமான்கள் தடுத்துவிடும். எங்கள் ஊர் வீடுகளில் எதையும் தூக்கிப் போட விடாத ஒரு மலாய்ச் சொல் உண்டு: சாயாங். பிடி உடைந்த வாளியோடு குப்பைத் தொட்டிப் பக்கம் போனால் “சாயாங் லா” என்று ஒரு குரல் வரும். வீணாகப் போகிறதே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பொருள். வாளி திரும்பி உள்ளே போய்விடும். எங்கள் ஸ்டோர் ரூம் முழுவதும் அப்படித் திரும்பி வந்த பொருள்கள்தாம்.

சம்பந்தி வீட்டார் வரும்போது இந்த வீடு ஷோரூம் மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒரு சனிக்கிழமை, பச்சை நாடாவை மாட்டிக்கொண்டு (ஆமாம், வீட்டிலும்தான்) ஸ்டோர் ரூமுக்குள் பக்கவாட்டில் நுழைந்தேன். வாசலில் அம்மா காவல் நின்றார்.

“இது என்னம்மா?”

“ஐஸ்கிரீம் டப்பா.”

“உள்ள?”

“சின்ன ஐஸ்கிரீம் டப்பா.”

அட்டை கட்டினேன். தீபாவளி முறுக்கு டின்கள், பிளாஸ்டிக் பைகள் அடைத்த பிளாஸ்டிக் பை, காலில்லாத மேசை, மேசையில்லாத கால், எல்லாவற்றுக்கும் அட்டை. கடைசியில் மூலையிலிருந்து எவர்சில்வர் பாத்திரங்கள் வெளியே வந்தன. தவலை, அடுக்குச் சட்டிகள், ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஓர் அண்டா. புகையும் பிசுக்கும் ஏறிக் கறுத்துக் கிடந்தது.

“இத கடைசியா எப்பம்மா எடுத்தீங்க?”

“கவிதா பெரிய மனுஷியானப்ப.”

கவிதா பெரிய மனுஷியானபோது அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். இப்போது அலுவலகத்தில் அவளுக்குக் கீழே ஒரு குழுவே வேலை பார்க்கிறது.

“அப்ப அட்ட கட்ட வேண்டியதுதான்.”

“அது உங்க மாமா செஞ்ச சீருடா. மூடியோட இருக்கிற அண்டா இது ஒண்ணுதான். அடுத்த விசேஷம் வந்துருச்சு, இப்பப் போயி தூக்கி புவாங் பண்றேங்கிற?”

“சமையலுக்கு ஆள் சொல்லியாச்சும்மா. அவங்களே பாத்திரத்தோட வருவாங்க. சீரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்.”

என் மனைவி மாலதி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “பாத்திரத்துல பேர் வெட்டியிருக்கும்ங்க, பாத்துக்குங்க,” என்றாள். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாத்திரம் கொடுக்கிறவர்கள் வெறும் பாத்திரமாகக் கொடுப்பதில்லை. புள்ளி புள்ளியாகப் பெயரை வெட்டி, ஊரை வெட்டி, அன்பளிப்பு என்றும் வெட்டித்தான் கொடுப்பார்கள். கொடுத்ததை நாம் மறந்தாலும் பாத்திரம் மறக்காது. நான் அண்டாவை ஒரு சுற்றுப் பார்த்தேன். பிசுக்கில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தெரியாதது இல்லாதது என்று முடிவுகட்டினேன். (ஐந்து எஸ் கையேட்டில் அப்படி எங்கும் இல்லை. அது என் சொந்தச் சரக்கு.)

கார் நிறுத்தும் போர்ச்சைச் சிவப்பு மூலையாக அறிவித்தேன். சிக்கல் என்னவென்றால், நான் வேலைக்குப் போனதும் அம்மா ஒவ்வொரு பொருளாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். மாலையில் வந்து பார்த்தால் போர்ச் காலி, ஸ்டோர் ரூம் கதவு மறுபடி பாதிதான் திறக்கிறது. எனவே ஒரு மாதத் தவணையை ரத்துசெய்தேன். பழைய இரும்பு வாங்குகிறவருக்குப் பாதி போனது. எவர்சில்வர் அத்தனையையும் காரில் ஏற்றி நேராக எங்கள் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினேன்.

கோயில் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்னதானத்துக்குப் பாத்திரம் பற்றாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். “உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும் தம்பி,” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொருளைத் தூக்கிப் போட்டதற்கு மேனேஜரிடமும் பாராட்டு, முருகனிடமும் பாராட்டு வாங்கியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசத்தன்று காலையில் வீடு வெறிச்சோடி, அதாவது என் பார்வையில் அழகாக, இருந்தது. ஹாலில் வாடகை நாற்காலிகள், ஒரு நீள மேசை, கண்ணாடி அலமாரி, அதற்குள் என் கிண்ணம். வேறு ஒன்றும் கிடையாது. வாசலில் மஞ்சள் டேப் ஒட்டிச் செருப்புகளுக்குக் கட்டம் போட்டிருந்தேன். வருகிறவர்கள் கண்ட இடத்தில் கழற்றிப் போடுவார்கள், நான் அவற்றை அளவு வாரியாக எடுத்து அடுக்குவேன் என்பது திட்டம்.

அப்போது சமையல்காரர் போன் செய்தார்.

“அண்ணே, சாப்பாடு ரெடி. ஒரே ஒரு சின்னப் பிரச்சன லா. பரிமாறுற பாத்திரமெல்லாம் குலாய் ஊர்ல ஒரு கல்யாணத்துல மாட்டிக்கிச்சு. நான் கொண்டாந்து ஊத்திட்டு என் சட்டிய எடுத்துக்கிட்டு உடனே கிளம்பணும். உங்க வீட்ல பெரிய பாத்திரம் இருக்கும்ல?”

ஒரு தமிழ் வீட்டில் பெரிய பாத்திரம் இல்லாமலா போகும் என்ற அவருடைய நம்பிக்கை குரலிலேயே தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு என்று அம்மாவிடம் ஒரு முகம் உண்டு, அதைப் போட்டுக்கொண்டார்.

“கோயில்ல இரவல் கேளுங்க,” என்றாள் மாலதி.

கேட்டேன். செயலாளர் பதறிப்போனார். “உங்களுக்கு இல்லாததா தம்பி, நானே லோரியில கொண்டாரேன்,” என்றார். சொன்னபடியே அரை மணி நேரத்தில் பின்வாசலில் வந்து இறக்கினார். “உங்க வீட்டு விசேஷம்னு நல்ல பாத்திரமா பொறுக்கி எடுத்தாந்தேன்,” என்று அவர் சொன்னது வாசலில் செருப்புக் கட்டத்தை அளந்துகொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. நல்ல மனிதர் என்று நினைத்தேன். எந்தப் பாத்திரம் என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

பத்தரைக்குள் சமையல்காரர் வந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார். மாலதியும் செயலாளரும் பாத்திரங்களை நீள மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் கடைசிப் பார்வையாக ஹாலுக்குள் வந்தேன். வந்தவன் திடுக்கிட்டேன். ஒவ்வொரு பாத்திரத்திலும் சிவப்புப் பெயின்டில் ‘ஆலயச் சொத்து’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அத்தனையும் விருந்தாளிகள் உட்காரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஒரு சட்டிக்கு வக்கில்லாமல் கோயிலில் கடன் வாங்கிச் சோறு போடுகிறான் என்று நினைக்க மாட்டார்களா? இந்த மாலதிக்கு ஏன் இவ்வளவு கூடத் தெரியவில்லை?

சிவப்பு மறைந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமாகப் பிடித்து, எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். முடித்து நிமிர்ந்தபோது மாலதி வாழையிலைக் கட்டோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண்களை விரித்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் இலைக்கட்டைக் கீழே வைப்பதற்குள் வாசலில் கார்கள் வந்து நின்றுவிட்டன.

ரெங்கத்து மாமாவும் சம்பந்தி வீட்டாரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். மாமா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும் நாக்கை நீட்டச் சொல்லப் போகிறவர் போலத்தான் பார்ப்பார். அன்று வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றி நிறைய திருநீறு என்று கம்பீரமாக வந்தார். என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. “வீடு பளிச்சுனு இருக்கு லா குமரா,” என்றார். நான் பூரித்துப்போய் வெளியே ஓடி, செருப்புகளை அடுக்க ஆரம்பித்தேன்.

தட்டு மாற்றக் கொஞ்ச நேரம் இருந்தது. மாமாவுக்கு ரெங்கத்திலிருந்து வந்த பசி. சம்பந்தியைக் கையோடு அழைத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனார். பெரிய பாத்திரத்தின் மூடியைத் தூக்கி, “சாம்பாரு,” என்று அறிவித்து, மூடியை வைக்க இடமில்லாததால் சம்பந்தியின் கையில் கொடுத்தார். பிறகுதான் அவர் பார்வை பாத்திரத்தின் மேல் விழுந்தது.

கோயில் பெண்கள் அதை என்ன போட்டுத் தேய்த்தார்களோ தெரியாது. பல வருஷப் பிசுக்கு அத்தனையும் போய், புள்ளி எழுத்துகள் ஒவ்வொன்றும் மின்னிக்கொண்டிருந்தன. ‘செல்வி கவிதா பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் ஆ. முனியாண்டி, ரெங்கம். அன்பளிப்பு.’

“அலமாக்,” என்றார் மாமா. “என் அண்டா. இத்தன வருஷமா வச்சிருக்காங்க பாருங்க. சம்பந்தி, இது நான் எம் மருமகளுக்குச் செஞ்ச சீரு. அன்னிக்கு வாங்கினாப்பல இருக்கு. எந்தங்கச்சி வீட்டுல ஒரு பொருள் வீணாப் போவாது.”

நான் கையில் ஒரு ஜோடிச் செருப்போடு வாசலில் உறைந்து நின்றேன். ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கவிதாவும் பட்டுச் சேலையில் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். மாமா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெருமை வந்தால் மாமாவுக்கு அளவு தெரியாது.

“இந்தப் பக்கம் இருக்கிறவங்களும் பாருங்க,” என்று அண்டாவை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

‘ஆலயச் சொத்து.’

மாமா அதை ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“ஆலயச் சொத்தா?”

சாப்பாட்டுக்காகத் தங்கியிருந்த கோயில் செயலாளர், பாவம், எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதாக நினைத்துக்கொண்டு எழுந்தார். “ஆமாங்க ஐயா. குமரன் தம்பிதான் மனசாரக் கோயிலுக்குக் குடுத்தாரு. வீட்டுல எடம் அடைக்குதுன்னு அத்தனையும் குடுத்துட்டாரு. தங்கமான மனசு,” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சொல்லப் போவதில்லை.

“எடம் அடைக்குதா? நான் செஞ்ச சீரு எடம் அடைக்குதா? சரி. அப்ப நானும் எதுக்கு இங்க எடத்த அடைச்சுக்கிட்டு?” தோள் துண்டை உதறினார். “தட்ட யாராச்சும் மாத்திக்குங்க.”

விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தார். அம்மா “அண்ணே” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். கவிதாவின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் அவள் பொம்மையை நான் உடைத்தபோது கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கையில் இருந்தது பெண்கள் செருப்பு.

மாமா வாசல்படியில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“என் செருப்பு எங்கடா?”

அங்கேதான் என் ஐந்து எஸ் முதல்முறையாக என் குடும்பத்துக்கு உதவியது. எல்லாச் செருப்புகளையும் அளவு வாரியாகவும் நிற வாரியாகவும் பிரித்து மஞ்சள் கட்டங்களில் அடுக்கியிருந்தேன். பழுப்புத் தோல் செருப்பு, எட்டாம் நம்பரும் அதன் அக்கம்பக்கமும், ஒரே மாதிரி ஏழெட்டு ஜோடி வரிசையாக நின்றது. மாமா ஒன்றில் காலை விட்டார், இறுக்கியது. இன்னொன்றில் விட்டார், லொடலொடத்தது. கோபமாகப் போகிறவர் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகவும் முடியாது, வெறுங்காலோடு ரெங்கத்துக்குப் போகவும் முடியாது. மூன்றாவது ஜோடியில் அவர் கால் இருந்தபோது உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் வந்தது.

“ஐயா, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்.”

அவர் அதுவரையிலும் அந்த மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சாம்பார் ஆவி வடிந்து அவர் சட்டைக் கையெல்லாம் ஈரம். மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

“இதுல வேற பேர் போட்டிருக்குங்க. ‘மணமக்களுக்கு அன்பளிப்பு, லோரி பெருமாள், ரெங்கம் தோட்டம்’னு இருக்கு.” அவர் நிமிர்ந்தார். “லோரி பெருமாள் எங்க அப்பாங்க.”

மாமாவின் கால் செருப்பிலிருந்து தானாக வெளியே வந்தது.

“பெருமாள் அண்ணன் மகனா நீங்க?”

“பண்டார் தெங்காராவுக்குக் குடி வர்றதுக்கு முந்தி அப்பா ரெங்கத்துலதான் லோரி ஓட்டுனாரு. நான் அப்ப கைக்கொழந்த.”

“அவரு லோரியிலதான்யா என் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டு ஜனம் பூரா வந்து எறங்குச்சு,” என்று மாமா உள்ளே வந்தார். சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் அவருக்கு மெல்ல உறைத்தது, தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது. ஹாலில் இருந்த எல்லாரும் மூடியைப் பார்த்தார்கள். பிறகு அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு மாமாவைப் பார்த்தார்கள். தன் கல்யாணத்துக்கு வந்த அண்டாவில் தன் பெயரை வெட்டி மருமகளுக்குச் சீராகச் செய்தவர், மூடியிலும் ஒரு பெயர் இருப்பதைக் கவனிக்கவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார்.

“தோட்டத்து லயத்து வீடு. ரெண்டே ரூம்பு. கல்யாணத்துக்கு வந்த அண்டாவே நாலு. அத்தனையும் எங்க வைக்கிறது?”

“அதேதான் மாமா, நானும் அதத்தான்...” என்று நான் ஆரம்பித்தேன். மாலதி என் காலை மிதித்தாள். (அவளுக்கு ஆறாம் நம்பர். ஆனால் நன்றாக மிதிப்பாள்.)

முதலில் சிரித்தது சம்பந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பிலிருந்து கண் கலங்கியதா, அப்பா நினைவில் கலங்கியதா என்று தெரியாதபடி அந்த மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு, “எங்கப்பா குடுத்தது சுத்திச் சுத்தி எங்க மருமக வீட்டுக்கே வந்து நிக்குது. இதவிட நல்ல சகுனம் வேற என்னங்க வேணும்? தட்ட மாத்துவோம்,” என்றார். மாமா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டு மாறியது. கவிதா என் பக்கம் திரும்பி முதல்முறையாக மூச்சு விட்டாள்.

சாப்பிட்டு எழுந்ததும் மாமா வழக்கை மறுபடி எடுத்தார். சொந்தத் தவறு வெளியே வந்த பிறகு ஒருவருக்கு அடுத்தவர் தவறின் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. அண்டா இந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றார். கோயிலுக்குக் கொடுத்ததைச் சும்மா திருப்பி எடுக்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது வைக்கலாம் என்றார் செயலாளர். என்ன வைக்கலாம் என்று எல்லாரும் ஹாலைச் சுற்றிப் பார்த்தார்கள். நான்தான் வீட்டைத் துடைத்து வைத்திருந்தேனே. கண்ணில் பட ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

அம்மா கண்ணாடி அலமாரியைத் திறந்தார். “இத கடைசியா எப்படா எடுத்த?” என்று கேட்டார்.

நான் கிண்ணத்தின் மேலிருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தேன்.

“தேவாரப் போட்டிக்கு ஒரு சுழற்கிண்ணம் இல்லாமத்தான் இருக்கோம்,” என்றார் செயலாளர். கிண்ணத்தை லோரியில் அவரே ஏற்றினார். பொன்னிற மனிதன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டே வளைவில் திரும்பிப் போனான். அவன் சரணடைவதற்குத்தான் கையைத் தூக்கியிருக்கிறான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

“மூடியில வேற பேர் இருந்தது உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“சீரு வந்த அன்னிக்கே தெரியும். கழுவுறவளுக்குத் தெரியாதா?”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“எங்கண்ணன் அத எங்கெங்கயோ தூக்கிக்கிட்டு, பஸ் மாறி மாறிக் கொண்டாந்து வச்சாரு. அப்ப அவரு கையில வேற ஒண்ணும் இல்ல. இருந்ததக் கொண்டாந்தாரு. அத போயி நான் எங்க சொல்றது?” என்றார் அம்மா.

கவிதாவுக்குக் கல்யாணமாகி இப்போது ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. கோயிலில் ஆண்டுதோறும் தேவாரப் போட்டியில் ஜெயிக்கிற பிள்ளை ‘சிறந்த ஐந்து எஸ் தலைவர் குமரன்’ என்று எழுதிய கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறது. நான் எந்த உறவினர் வீட்டு வாசலில் போய் நின்றாலும் உள்ளேயிருந்து, “குமரன் வர்றான், சாமானெல்லாம் எடுத்து உள்ள வை,” என்று ஒரு குரல் வரும். சிரிப்பும் வரும். தீபாவளி தவறாமல் ரெங்கத்திலிருந்து மாமா வீடியோ கால் போடுவார். நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு முன்னால், “அண்டாவக் காட்டு,” என்பார். காட்டுவேன். “சுத்து,” என்பார். சுற்றுவேன். சிவப்புப் பெயின்டை அழிக்க அவர் இன்றுவரை அனுமதி கொடுக்கவில்லை.

அண்டா இப்போது கண்ணாடி அலமாரி இருந்த இடத்தில், ஹாலின் நடுவில் இருக்கிறது. (அலமாரியை அம்மா ஸ்டோர் ரூமுக்குள் போட்டுவிட்டார். கதவு மறுபடி பாதிதான் திறக்கிறது.) போன தீபாவளிக்குக் கவிதாவின் மகள் அதற்குள் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். சரி, காலி செய்யலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே முறுக்கு டின்கள். அதற்குக் கீழே ஐஸ்கிரீம் டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ரப்பர் பேண்டு போட்டு ஒழுங்காகக் கட்டி வைத்த என் சிவப்பு அட்டைகள்.

“இத எதுக்கும்மா வச்சிருக்கீங்க?”

அம்மா என் கையிலிருந்து கட்டைப் பிடுங்கி, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

“சாயாங் லா,” என்றார். “பின்பக்கம் எழுதாம சும்மாத்தான இருக்கு.”